விழாமல் போன அடி

பழனி ரயில் நிலையத்திலிருந்து அடிவாரம் போகிற வழியில் ஒரு வேகத்தடை இருக்கிறது. எருமை ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கிற மாதிரி அப்படி ஒரு வேகத்தடை. குதிரை வண்டியில் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். போன தடவை கடிபட்ட நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக மூடி, இடுப்பில் தொடங்கி முதுகெலும்பு வழியாக மண்டைக்கு ஏறப்போகிற அந்த அடிக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன். இன்னும் காத்திருந்தேன். "என்ன தம்பி, தூங்கிட்டீங்களா?" என்றார் வண்டி ஓட்டும் பாய். கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தால், எருமை பத்தடிக்கு அப்பால் கிடக்கிறது!

தாண்டிவிட்டோம்! எனக்குத் தெரியாமலே தாண்டிவிட்டோம்! குளத்தில் மிதக்கிற தெப்பத்தை யாரோ உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு எடுத்த மாதிரி ஒரு சின்ன இறக்கம், ஒரு சின்ன ஏற்றம், அவ்வளவுதான் வந்திருக்கிறது. அதை நான் மூச்சு விட்டதாக நினைத்துவிட்டேன். "பாய், நிறுத்துங்க, திருப்புங்க, இன்னொரு தடவை போகலாம்" என்று நான் கத்திய கத்தலில் பூக்கடை அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு ஸ்பிரிங் பைத்தியம். மற்றவர்கள் பழனிக்கு முருகனைப் பார்க்க வருகிறார்கள். நான் இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்து, 693 படியில் ஒரு படிகூட ஏறாமல், ஒரு குதிரை வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன். சட்டை முதுகில் மண்ணோடு வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து, "அங்கப்பிரதட்சணம் பண்ணீங்களா?" என்று வீட்டம்மா பக்தியோடு கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மயிலில் பறக்கிறவருக்கு மேடுபள்ளத்தின் அருமை தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவரும் வாகனப் பிரியர்தானே.

இந்தப் பைத்தியம் சின்ன வயதில் பிடித்தது. ஜட்கா வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். கீழே வைக்கோல், மேலே சாக்கு, வைக்கோலின் வாசமும் குதிரையின் வாசமும் கலந்து மூக்கில் ஏற, பின்பக்கத்தால் உள்ளே தவழ்ந்து போய் உட்கார்ந்த உடனே வண்டிக்காரர் ஆரம்பிப்பார்: "இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க, பின்பாரம் ஆகுது." எல்லோரும் நகர்வோம். "கொஞ்சம் பின்னாடி போங்க, முன்பாரம் ஆகுது." மறுபடியும் நகர்வோம். வேடிக்கைக்காகச் சொன்னதில்லை அது. இரண்டு சக்கர வண்டியில் பாரம் முன்னால் சாய்ந்தால் குதிரையின் முதுகு அழுந்தும், பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால் மேலே தூக்கி வயிற்று வாரை இழுக்கும். தராசுத் தட்டில் உட்கார்ந்தபடி ஊர்வலம் போவது மாதிரிதான் ஜட்கா சவாரி. வண்டி கிளம்பிய பிறகு நடப்பது வேறு கதை. தலை கூண்டில் இடிக்கும், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி என் மடியில் வந்து விழும், நான் சிரிப்பேன், பாட்டி திட்டுவாள். அப்போதே ஒரு நாள் இறங்கிக் குனிந்து பார்த்தேன். கூண்டுக்கும் அச்சுக்கும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள், புன்னகை மாதிரி வளைந்து! அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்போது பாய் வண்டிக்கு வருகிறேன். அதன் பழைய ஸ்பிரிங்கில் நாலே நாலு பட்டை. ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் கனம், நீளம் ஒரு மீட்டர், ஏதோ பழைய ஜீப்பிலிருந்து கழற்றியது. இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். "கெட்டியா இருந்தாத்தானே தம்பி தாங்கும்?" என்பார் பாய். பாவம், அவர் மேல் தப்பில்லை, ஊரே அப்படித்தான் நினைக்கிறது. ஸ்பிரிங் என்றால் தாங்குகிற சாமான் என்று நினைத்துவிட்டோம். தாங்குவதற்குத்தான் அச்சு இருக்கிறதே! ஸ்பிரிங்கின் வேலை வளைந்துகொடுப்பது. வளையாத ஸ்பிரிங் வண்டிக்கு வெறும் பாரம்.

இதை எனக்கு ஒரே நிமிஷத்தில் புரியவைத்தவர் பட்டறை ஆசாரி. என்னிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து வளைக்கச் சொன்னார். வளைந்தது. அதே கனத்தில் ஒரு அட்டையைக் கொடுத்து, "இதை வளைங்க சார்" என்றார். முறுக்கிப் பார்த்தேன், மடிந்து உடைந்ததே தவிர வளையவில்லை. "அதும் காயிதம்தான், இதும் காயிதம்தான்" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். நினைத்துப் பாருங்கள், பொறியியல் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடம், ஒரு பீடி எரிகிற நேரத்தில்!

நான் அன்று ராத்திரியே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன். பட்டையின் விறைப்பு அதன் கனத்தை மூன்று தடவை பெருக்கிய அளவில் ஏறும். கனம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்கு. நீளம் கூடினால் அதே மாதிரி மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு இறங்கும். 10 மில்லிமீட்டரில் நாலு பட்டைக்குப் பதிலாக 6 மில்லிமீட்டரில் ஒன்பது பட்டை போட்டால் விறைப்பு பாதிக்குக் கீழே. நீளத்தை ஒரு மீட்டரிலிருந்து 120 சென்டிமீட்டர் ஆக்கினால் அதற்கும் கீழே, பழையதில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. அதாவது, கூண்டும் ஆளும் சேர்ந்த பாரத்தில் 2 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் இனி 7 சென்டிமீட்டர் இறங்கும். இறங்குவது கூடினால் ஆட்டம் நிதானமாகும். 2 சென்டிமீட்டர் இறங்குகிற ஸ்பிரிங் நொடிக்கு மூன்றரை தடவை துள்ளும், 7 சென்டிமீட்டர் இறங்குவது இரண்டு தடவைக்கும் குறைவாக. நாம் சாதாரணமாக நடக்கும்போது காலடி விழுகிற தாளம் அதுதான்! உடம்பு பிறந்ததிலிருந்து பழகிய தாளம்! பாயின் மட்டக்குதிரை ஓட்டநடை போடும்போது காலடிச் சத்தத்தை எண்ணிப் பார்த்தேன், நொடிக்கு மூன்று. பழைய ஸ்பிரிங்கின் துள்ளலும் ஏறக்குறைய அதே கணக்கு. அதனால்தான் குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் வண்டி கூடவே குதித்துக் குதித்து, சின்னப் பையன் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயர ஏற்றுகிற மாதிரி, எங்கள் குடலை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் ராத்திரி பதினொன்றரைக்குப் பாய்க்கு போன் போட்டுவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம்.

பட்டறையில் அந்த ஒன்பது பட்டை உருவான நாளைக் கண்ணால் பார்த்தேனே, அதற்கே நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். உலையில் துருத்தி இரைய, பட்டை சிவந்து, செம்பருத்தி நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டி ஆரஞ்சாகிற நேரத்தில் ஆசாரி அதை இடுக்கியால் இழுத்து, அளவுக்கு வளைத்து, சட்டென்று எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார். குப்பென்று புகை! தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விடும், எண்ணெய் என்றால் சாந்தமாக ஆறும் என்றார். ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி படக்கென்று உடைந்துவிடும். அதனால் எண்ணெய் சொட்டச் சொட்ட மறுபடியும் நெருப்பில் காட்டி, மேலே ஒட்டிய எண்ணெய் பற்றி எரிந்து அடங்குகிறவரை பிடித்திருந்தார். பட்டை நெடுகிலும் மஞ்சளும் நீலமுமாய்த் தீ ஓடி அடங்கியது. அதற்குப் பிறகுதான் இரும்புக்கு நிதானம் வருமாம். ஒன்றைவிட ஒன்று குட்டையாக ஒன்பதையும் அடுக்கி, நடுவில் போல்ட் ஏற்றி, யு கிளாம்ப் போட்டு அச்சோடு இறுக்கினார். ஒரு முனை கூண்டோடு நிலையாக. மறு முனையில்தான் விஷயமே இருக்கிறது! அங்கே சின்னதாக ஊஞ்சல் மாதிரி ஆடுகிற ஒரு இணைப்பு. ஷாக்கிள் என்பார்கள் லாரிக்காரர்கள். வளைந்த பட்டை பாரத்தில் நிமிரும்போது நீளும் இல்லையா, நீள இடம் வேண்டாமா? பாய் வண்டியில் இத்தனை வருஷமாக இரண்டு முனையையும் கட்டிப்போட்டுவிட்டு, ஏன் துள்ளுகிறது என்று குதிரையைத் திட்டியிருக்கிறார்கள்!

கொஞ்சம் பொறுங்கள், இந்த ஸ்பிரிங் பைத்தியம் என்னோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சமாவது மானம் மிஞ்சட்டும். 1665 மே மாதம் முதல் தேதி, லண்டனில் கொள்ளைநோய் தலைகாட்டிய வருஷம், நாட்குறிப்பு எழுதியே பேர் வாங்கிய சாமுவேல் பீப்ஸ், ராயல் சொசைட்டி ஆட்களோடு ஒரு கர்னல் வீட்டுக்குப் போயிருக்கிறார். எதற்கு? வண்டியைச் சொகுசாக்குகிற சோதனைகளைப் பார்க்க! ஒரே நீள ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருந்த ஒரு வண்டியில் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறிச் சுற்றி வந்து, அருமை என்று எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனுஷர்கள் வரிசையில் நின்று "அடுத்து நான், அடுத்து நான்" என்று சொல்லியிருப்பார்களே, அதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. 1804-ல் லண்டன் லாம்பெத்தில் வண்டி கட்டிக்கொண்டிருந்த ஒபதையா எலியட் இரண்டு வில்லை வாயும் வாயும் பார்க்க வைத்த மாதிரி, நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை வண்டிக்கு அடியில் முன் அச்சையும் பின் அச்சையும் சேர்க்க ஒரு கனமான உத்தரம் ஓடும். எலியட் ஸ்பிரிங்கை நேராக அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வைத்ததில் அந்த உத்தரமே வேண்டாமல் போய்விட்டது. வண்டி இளைத்தது, தாழ்ந்தது, ஏறி இறங்க ஏணி வேண்டாமல் ஆனது. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியின் பின்பக்கத்தைப் படத்தில் பாருங்கள், அங்கேயும் அதே நீள்வட்ட வில். குதிரைக்குத்தான் வேலை போயிற்று, வில்லுக்குப் போகவில்லை.

வில் என்றுதானே நம் ஆட்களும் பேர் வைத்தார்கள்! வில்வண்டி! வளைந்து நிமிர்கிற சாமானைப் பார்த்த உடனே வில் என்று கூப்பிட்டவர்களின் கண்ணுக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன். திருவனந்தபுரம் பக்கம் வெங்ஙானூரில் அய்யங்காளி 1893-ல், தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த பொதுச் சாலையில், தலைப்பாகை கட்டிக்கொண்டு ஓட்டிப் போனது வில்வண்டியைத்தான். அது மாட்டு வண்டி, ஆனாலும் வில் வில்தானே. சொகுசாக உட்கார்ந்து போவது யாருடைய உரிமை என்ற கேள்வியை ஒரு வண்டியின் பேரே கேட்டிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். இங்கிலாந்து அரசர்களின் தங்க ரதம், 1762-ல் செய்தது, நாலு டன் கனம், எட்டுக் குதிரை இழுக்கிறது, ஆனால் கூண்டு தொங்குவது தோல் வார்களில். 1953-ல் முடிசூட்டு நாளில் அதில் போன எலிசபெத் ராணி, 2018-ல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அந்தச் சவாரி படுமோசம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். எட்டுக் குதிரை, தங்க முலாம், தேவதைச் சிற்பங்கள், எல்லாம் இருந்து என்ன? பழனிப் பாயின் ஒற்றை மட்டக்குதிரை வண்டியில் ஏறியிருந்தால் ராணியம்மா சிரித்துக்கொண்டே கையசைத்திருப்பார். மிகைப்படுத்தவில்லை. சரி, கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன்.

சவாரிக்கு வாருங்கள். எவர்சில்வர் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறினேன், விளிம்பு வரைக்கும். "சாமிக்கா தம்பி?" என்றார் பாய். "சோதனைக்கு பாய்" என்றேன். விடிகாலை, பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை, ஸ்டேஷன் வாசலில் டீ ஆற்றுகிற சத்தம், குதிரை ஒரு தடவை செருமியது, பாய் நாக்கைச் சொடுக்கினார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு என்னோடு கூடவே உட்காருங்கள். வண்டி நகர்கிறது, லாடச் சத்தம் டக் டக் டக்கென்று வருகிறது, ஆனால் அந்த டக்குக்கும் உங்கள் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை, சத்தம் கீழே எங்கோ நடக்கிறது, நீங்கள் மேலே எங்கோ இருக்கிறீர்கள், ஒரு குழி வருகிறது, எனக்குத் தெரியும், அந்தக் குழியை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும், சக்கரம் அதில் இறங்கி ஏறுகிறது, அடியில் ஒன்பது பட்டையும் ஒன்றின் மேல் ஒன்று சரசரவென்று உரசிக்கொண்டு நிமிர்கிற சத்தம் கேட்கிறது, அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்குகிற கடிவாளம், அது இல்லாவிட்டால் வண்டி விடியும்வரை ஆடிக்கொண்டே இருக்கும், இதோ ஒரு தடவை இறங்கி, ஒரு தடவை ஏறி, பாதித் தடவை இறங்கி, அடங்கிவிட்டது, செம்பைப் பார்க்கிறேன், தண்ணீர் விளிம்பில் நின்று யோசிக்கிறது, சொட்டட்டுமா வேண்டாமா, சொட்டவில்லை அய்யா, ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை, நான் செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்த டவுன்பஸ் ஆட்களுக்கெல்லாம் காட்டுகிறேன், அவர்கள் அபிஷேகத் தீர்த்தம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், நான் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆக அந்த வண்டியில் சிந்திய ஒரே தண்ணீர் என் கண்ணிலிருந்து சிந்தியதுதான், செம்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன், அப்புறம்தான் அந்த எருமை வேகத்தடை வந்தது, அதைத்தான் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேனே!

என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டது குதிரை. விறைத்த வண்டியின் சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி, ஆள், மூட்டை எல்லாமே சேர்ந்து அந்தக் கல்லில் ஏற வேண்டும். ஏற்றுகிறது யார்? குதிரை. வில் இருந்தால் சக்கரமும் அச்சும் மட்டும் ஏறும், மேலே இருப்பது இருந்த இடத்திலேயே மிதக்கும். அயர்லாந்துக்காரர் ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த் 1813-ல் சாலைகளையும் வண்டிகளையும் பற்றித் தனியாகப் புத்தகமே போட்டவர். ஸ்பிரிங் என்றால் பணக்காரன் முதுகுக்கு மெத்தை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அது குதிரையின் இழுவையைக் குறைக்கிற சாமான் என்று வாதாடியவர். அவருக்குச் சிலை வைக்க வேண்டும். ஏர்க்கால் கூண்டோடு சேருகிற இடத்தில் ஆசாரி டயர் ரப்பர் துண்டு ஒன்றையும் செருகியிருந்தார், குதிரை தலையாட்டுகிற ஆட்டம் எங்கள் வரைக்கும் வராமல் இருக்க. அடிவாரம் போய்ச் சேர்ந்ததும் பாய் குதிரையின் மார்பைத் தடவிப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் தடவினார். "வேர்க்கவே இல்லையே தம்பி" என்றார். அந்தக் குரலை நான் ரெக்கார்டு பண்ணி வைக்காமல் போய்விட்டேனே!

ரப்பர் டயர் போட்டால் போதாதா என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது மனிதகுலத்துக்கு நல்லதுதான், ஆனால் அது பொடிக்கல்லை விழுங்கும், எருமையை விழுங்காது.

குறையே இல்லையா என்றால், வளைவில் திரும்பும்போது கூண்டு கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயும். கொஞ்சம்தான். ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்து தேங்காய்ப் பையைக் கொட்டிவிட்டார், அவ்வளவே. அதை விடுங்கள்.

அன்றைக்கு ஸ்டேஷனுக்கும் அடிவாரத்துக்குமாகப் பதினோரு தடவை போய் வந்தேன். ஒவ்வொரு தடவைக்கும் கூலி கொடுத்தேன். பன்னிரண்டாவது தடவை ஏறப்போனபோது பாய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "காசு வேணாம் தம்பி, குதிரைக்குக் கொள்ளு வாங்கிக் குடுங்க, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்துவிட்டு, பஞ்சாமிர்த டப்பா ஒன்றோடு, வீட்டம்மாவுக்குக் காட்ட ஆதாரம் வேண்டுமே, திண்டுக்கல் பஸ் ஏறினேன். கடைசி சீட். ஒவ்வொரு குழிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றதும் இறங்கி, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் ஓடி வந்தார். "என்னங்கண்ணே, சில்லறை விழுந்துருச்சுங்களா?"

"இல்ல தம்பி, பட்டை எண்ணிட்டிருக்கேன்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவரும் குனிந்தார்.